படியேற முடியாத அம்மாவுக்குப் பூசை

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து, மூன்று கிழமைக்கொரு தடவை கண்டிக்குப் போய் கீமோ மருந்து ஏற்றிக்கொள்கிறார். லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, கத்தோலிக்கக் கோயிலுக்கு ஏறும் படிகளை அவரால் இப்போது ஏற முடியவில்லை. ‘பூசை காணாமல் கிடக்கிறேனே, நான் என்ன பாவம் செய்தேனோ’ என்று அழுகிறார். பாதரைக் கூப்பிட்டு எண்ணெய் பூசச் சொன்னால் அம்மா பயந்துவிடுவாரா? மருந்தை நிறுத்திவிட்டு விசுவாசத்தோடு இருக்கும்படி ஜெபக்கூட்டத்துக்காரர் சிலர் சொல்கிறார்களே, என்ன செய்வது? இவைதான் அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அது தாமதிக்கக்கூடிய விஷயமில்லை. மருந்தை நிறுத்த வேண்டாம். ஒரு தவணைகூடத் தவறக்கூடாது. வைத்தியரையும் மருந்தையும் கடவுளே படைத்தார் என்று வேதத்தில் சீராக் ஆகமம் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. நற்செய்தி எழுதிய புனித லூக்காவும் வைத்தியர்தான். வலிக்கு மோர்ஃபீன் கொடுத்தால் அதையும் மறுக்க வேண்டாம். கடும் வலியைத் தணிக்க அப்படிப்பட்ட மருந்து கொடுப்பதில் தவறில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். கூட்டத்துக்காரர் அன்போடு வந்து செபித்தால் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள். மருந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் அம்மாவுக்குக் கேட்காதபடி வாசலிலேயே நிறுத்துங்கள். கீமோ நாட்களில் தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் அந்தச் சின்ன அறைக்குள் வரவும் கூடாது. அம்மாவுக்கே 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் அடித்தால் இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். செபத்தைப் போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம்.

எண்ணெய் பூசுவதைப் பற்றிய பயம் நம் தோட்டங்களில் நன்றாக வேரூன்றிப்போயிருக்கிறது. பாதர் பையோடு படியிறங்கி வந்தால் ‘ஆள் போகப்போகுது’ என்று அடுத்த லயம்வரை பேச்சு போய்விடும். முன்பு அதை ‘அவஸ்தை பூசுதல்’ என்றே சொன்னார்கள், உயிர் பிரியும் நேரத்தில்தான் கூப்பிட்டார்கள். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்த எண்ணத்தை மாற்றியது. 1972இல் வந்த புதிய முறைப்படி அது நோயிற்பூசுதல். கடும் நோயில் விழுந்தவருக்கும், பெரிய சத்திரசிகிச்சைக்குப் போகிறவருக்கும், மூப்பால் தளர்ந்தவருக்கும் உரியது. நோய் கூடினால் திரும்பவும் பெறலாம். பெரிய வாரத்தில் ஆயர் மந்திரித்த எண்ணெயை நெற்றியிலும் இரு உள்ளங்கைகளிலும் பூசுவார்கள். அம்மா நினைவோடு இருந்து ‘ஆமென்’ சொல்லக்கூடிய இந்தக் காலம்தான் அதற்கு நல்ல காலம். அம்மாவிடம் ஒளித்துச் செய்ய வேண்டாம். ‘அம்மா, கண்டிப் பயணத்துக்குப் பெலன் கேட்டு பாதரை வரச் சொல்லட்டுமா?’ என்று நேரே கேளுங்கள்.

பாதர் நற்கருணையும், அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பமும், கொண்டுவருவார். கீமோவால் வாய் புண்ணாகி, எச்சில் வற்றியிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பல வருடமாக நோயாளர் வீடுகளுக்குப் போய்வருகிறவள் நான். ஒரு வீட்டில் அக்கா ஒருவர், ‘விழுங்க முடியாது, எனக்கு வேண்டாம்’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாதர் அப்பத்தில் நகக்கண்ணளவு கிள்ளி, கரண்டித் தண்ணீரோடு கொடுத்தார். உள்ளே போனதும் அந்த அக்கா இரண்டு கைகளாலும் கரண்டியை வாங்கி, மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு, ரொம்ப நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார். அப்பம் சிறிதும் இறங்காதவருக்கு அர்ச்சித்த திராட்சை இரசம் மட்டும் கொடுக்கவும் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. நற்கருணைக்கு முந்திய ஒருமணிநேர உபவாசம் நோயாளிக்கும் இல்லை, அவரைப் பார்த்துக்கொள்கிற உங்களுக்கும் இல்லை. நோயால் வர முடியாதவருக்கு ஞாயிறு பூசைக் கடமையும் இல்லை. நீங்கள் சொல்வதைவிட பாதர் வாயால் கேட்டால் அம்மாவுக்கு மனம் ஆறும், அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம் அன்றாட செபம். மருந்து ஏற்றி வந்த முதல் சில நாட்கள் செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சொல்லும் உடம்பில்லை. ஒரு பத்து போதும். மூன்றாவது மணியில் தூங்கிவிட்டால் நீங்கள் முடித்துவிடுங்கள். சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கை வீங்கியிருந்தால் செபமாலையை மற்றக் கையில் கொடுங்கள். சாம்பிராணி வாசம் குமட்டும், வேண்டாம். வீட்டில் ஒக்சிசன் சிலிண்டர் வைத்தால் மெழுகுதிரியும் கொளுத்தவே கூடாது.

அழுகையை அடக்கச் சொல்லாதீர்கள். 88ஆம் சங்கீதம் முதலிலிருந்து கடைசிவரை புலம்பல்தான், இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில் செபமாகத்தான் இருக்கிறது. வேதத்தில் துன்பப்பட்ட யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்களாக இருந்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அவனை வதைத்தார்கள். ‘என்ன பாவம் செய்தேனோ’ என்று அம்மா கேட்கும்போது யோவான் 9ஆம் அதிகாரத்தை எடுத்து மெல்ல வாசியுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவன் செய்த பாவமும் இல்லை, பெற்றவர்கள் செய்த பாவமும் இல்லை என்றார் இயேசு. வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்ல வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள்.

பக்கத்துக் காம்பிராவில், அதாவது அடுத்த லய அறையில், இருக்கும் இந்து அக்காமார் அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்து நலம் விசாரித்தால் முகம் சுளிக்காதீர்கள். இராத்திரி அம்மாவுக்குத் துணையாக முழித்திருக்க அவர்களும்தான் வருவார்கள்.

ஒரே பாதர் பல தோட்டங்களைப் பார்க்கிறார், மழை நாளில் பாதையும் மோசம். அதனால் இன்றைக்கே போன் எடுத்து, அடுத்த கிளினிக் திகதியைச் சொல்லி, அதற்கு முந்திய நாளொன்றைக் கேளுங்கள். வரும்போது சின்ன மேசையில் வெள்ளைத் துணி, சிலுவை, ஒரு கோப்பை தண்ணீர், கரண்டி இருக்கட்டும். எந்தப் பாட்டுப் பாடுவது என்பதை அம்மாவிடமே கேளுங்கள்.