தணிக்கை நாளில் வரும் காய்ச்சல்

அன்புள்ள அக்கா,

நான் நர்சிங் கடைசி வருட மாணவி. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில், நண்பர்களோடு சேர்ந்து ஒருநாள் மருத்துவ முகாம் நடத்தலாம் என்றிருக்கிறோம். பிரஷர், சுகர் பார்ப்போம். மாத்திரை, பிஸ்கட், நாப்கின் கொடுப்போம். போரில் அவர்கள் பட்டதையெல்லாம் கேட்டு ஆறுதல் சொல்லவும் ஆசை. எப்படிப் பேசினால் அவர்கள் மனம் நோகாது? வேறு என்ன கொண்டுபோகலாம்? "நம்ம ஊர் ஏழைக்கே வழியில்லை, இவங்களுக்கு எதுக்கு" என்று வீட்டில் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ந., ஈரோடு

அன்புள்ள ந.,

வீட்டில் கேட்பதற்கெல்லாம் மெனக்கெட்டுப் பதில் தேடாதீர்கள். நம் ஊர் ஏழைக்கும் செய்வோம், வாருங்கள் என்று அவர்களையும் கூப்பிடுங்கள். நாப்கின் நல்லது, நிறையவே கொண்டுபோங்கள்.

படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது 'ஒருநாள்' என்ற இடத்தில்தான். நர்சிங் கடைசி வருடம் படிக்கிறவர் நீங்கள். பிரஷர் ஒருநாளில் தீரும் நோயா? 170 என்று எழுதிக் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். பத்து நாள் மாத்திரை பதினோராம் நாள் தீர்ந்துபோயிருக்கும். அந்த அம்மாவுக்கு மிஞ்சப்போவது பயம் மட்டும்தான். மாதாமாதம் போக முடியுமென்றால் போங்கள். முடியாதென்றால் முகாமும் வேண்டாம், பேனரும் வேண்டாம்.

போர்க்கதையும் கேட்காதீர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கிய இளைஞர்கள் இன்றைக்குத் தாத்தா பாட்டிகள். நீங்கள் பார்க்கப்போகிறவர்களில் நிறையப் பேர் இங்கேயே பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகளும் இங்கேயே பிறந்துவிட்டார்கள். பெரியவர்கள் தங்கள் கதையை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் வந்து இறங்கியபோது சொன்னார்கள், கியூ பிரிவுப் போலீசுக்குச் சொன்னார்கள், ஆய்வு மாணவர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் சொன்னார்கள். இன்னும் உங்களுக்கு ஒரு தடவை எதற்குச் சொல்ல வேண்டும்? அவர்களாகச் சொன்னால் வாட்சைப் பார்க்காமல் உட்கார்ந்து கேளுங்கள். அது போதும்.

நான் கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்த விஷயம் ஒன்று உண்டு. தணிக்கை. முகாமில் குறித்த நாளில் வருவாய்த்துறை ஆள் பதிவேட்டோடு வருவார். பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். கேரளாவுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவர்கள்கூட அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். நின்றால்தான் அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை. 2021இல் உயர்த்திய கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. காசு போவதைவிடப் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிது. சரி, அன்றைக்குப் பார்த்து ஒருவருக்கு நெஞ்சு வலித்தால்?

2016 மார்ச்சில் மதுரை உச்சப்பட்டி முகாமில் ஒரு தகப்பன் உயிரை விட்டார். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். தணிக்கையில் பையனுக்கு வருகை போட மறுத்ததில்தான் தகராறு தொடங்கியது. பேப்பரில் படித்துவிட்டு எத்தனை பேர் 'ஐயோ பாவம்' என்று பக்கத்தைத் திருப்பினோம்! படுக்கையில் கிடக்கும் பிள்ளைக்காகத் தகப்பன் வாதாட வேண்டியிருந்ததே, அதை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. நல்ல அதிகாரிகளும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் தலையசைத்து எழுதிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் எப்படியோ. 1951ஆம் வருட அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. எல்லாம் அரசாணையில் ஓடுகிறது. சட்டம் இல்லாத இடத்தில் நோயாளி அதிகாரியின் முகத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரி இலவசம்தானே, முதலமைச்சர் காப்பீடும் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்கேன் எடுக்க மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒருநாள் கூலி போகும். வார்டில் ராத்திரி தங்கவும் ஒருவர் வேண்டும். அப்புறம், போகிற நாள் தணிக்கை நாளாக இருக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு முகாமில் ஓர் அக்கா இதையெல்லாம் ஒரு நோட்டில் வைத்திருந்தார். அகதிகளே 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்களுக்குள்ளேயே சுகாதாரத் தொண்டர்களைப் பழக்கியது, அப்படிப் பழகியவர். பத்துக்குப் பத்து வீடு, கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு ஸ்டூல், அதன்மேல் அந்த நாற்பது பக்க நோட்டு. யாருக்கு எந்தத் தேதியில் மாத்திரை தீரும் என்று நீல மையில் இருக்கும், தணிக்கை நாள் சிவப்பில். இரண்டும் ஒரே நாளில் வந்தால் முந்தின வாரமே கிளம்பச் சொல்லிவிடுவார். எழுத்து தெரியாத கிழவிகளுக்குக் காலை மாத்திரை அட்டையின் ஓரத்தைக் கத்தரியால் முக்கோணமாக வெட்டிக் கொடுப்பார், ராத்திரி மாத்திரையை வெட்டாமல் விடுவார். "தலையிடி எண்டு வருவினம். குளிசை தர முந்தி, ராத்திரி நித்திரை கொண்டனீங்களோ எண்டு கேப்பன், தம்பிமார் வேலையால வந்தாச்சோ எண்டு கேப்பன். பாதித் தலையிடி அதிலேயே தெரிஞ்சிடும்" என்பார். மனநல ஆலோசனை என்று அவர் எதற்கும் பெயர் வைக்கவில்லை.

நீங்கள் போகும் முகாமிலும் அப்படி ஒருவர் இருப்பார். முதல் தடவை ஸ்டெதாஸ்கோப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு அவரைப் போய்ப் பாருங்கள். 'உங்களுக்கு என்ன உதவி வேண்டும்' என்று அவரிடம் கேளுங்கள். அனேகமாக மருந்து என்று சொல்லமாட்டார், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக ஆள் வேண்டும் என்பார். நீங்கள் ஆறு பேரோ எட்டுப் பேரோ இருப்பீர்கள். முறை வைத்துக்கொண்டு கூடப் போங்கள். ஓபி சீட்டு எங்கே வாங்குவது, எந்த மாடியில் எக்கோ எடுக்கிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. வெள்ளை யூனிஃபார்ம் போட்ட பெண் பக்கத்தில் நின்றால் அந்த அம்மாவை யாரும் 'ஏய், தள்ளி நில்லு' என்று சொல்லமாட்டார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பட்டியலில் முகாமில் உள்ள பிரஷர், சுகர்காரர்கள் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் சேர்க்க வையுங்கள். உங்கள் வீட்டு மாத்திரைப் பெட்டியைவிட அது நெடுநாள் ஓடும்.

உள்ளே போக அனுமதி வேண்டும். கல்லூரி லெட்டர்பேடில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள், மாதாமாதம் வருவோம் என்பதை அதிலேயே சேர்த்துக் கேளுங்கள். போட்டோ எடுக்கும் அந்த நண்பரை மட்டும் கூட்டிப்போகாதீர்கள். ஒருவர் கட்டாயம் இருப்பார், எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அக்கா