கம்பைலரே விழுந்தா யார் தப்பு?

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர் பொங்கோல்ல இருக்கேன், பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம். ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ட ஜிசிசில (சி கோட்ட மெஷின் மொழிக்கு மாத்துற கம்பைலர்) பில்ட் பண்ணா "இன்டர்னல் கம்பைலர் எரர்"னு நின்னுடுது. கோட்ல தப்பா?

பதில்: இல்ல தம்பி, கோட் தப்பாவே இருந்தாலும் கம்பைலர் 'இங்க தப்பு'ன்னு எரர்தான் சொல்லணும், அதுவே விழக்கூடாது. ஆனா மொதல்ல அதே கமாண்ட ரெண்டு மூணு தடவ ஓட்டிப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்துல விழுந்தா ராம் மேலதான் சந்தேகம், "கில்ட்"னு வந்தா பெரும்பாலும் மெமரி பத்தல. ஒரே எடத்துல விழுதா, சேவ்-டெம்ப்ஸ் ஆப்ஷன் போட்டு அந்த ஃபைல மட்டும் கம்பைல் பண்ணுங்க, ஹெடரெல்லாம் உள்ள சேர்ந்து ஆயிரக்கணக்கான வரியோட ஒரே ஃபைல் கெடைக்கும். அத சி-ரெட்யூஸ்ங்கிற ஃபைல் சுருக்குற டூல்கிட்ட விட்டுட்டு தேக்கா போய் நிதானமா சாப்பிட்டு வாங்க, அது கொஞ்சம் கொஞ்சமா வெட்டி, கிராஷ் இன்னும் இருக்கான்னு பாத்து, திரும்ப வெட்டும், பல நேரம் கடைசியில பத்து இருபது வரிதான் மிஞ்சும், எனக்கு இதப் பாக்க அவ்ளோ பிடிக்கும். ஒண்ணு மறக்காதீங்க, கிராஷ் இருக்கான்னு பாக்க சி-ரெட்யூஸுக்கு நீங்க எழுதிக் குடுக்குற டெஸ்ட் ஸ்கிரிப்ட் அதே எரர் மெசேஜத்தான் தேடணும், இல்லன்னா வெட்டுற வேகத்துல வேற பக் உள்ள வந்துடும்.

ஜிசிசியோட பழைய வெர்ஷன்ல ஓடுச்சுன்னா, எந்த கமிட்ல (கோட்ல செஞ்ச மாத்தம்) கெட்டுச்சுன்னு பாதி பாதியா பிரிச்சுத் தேடுற கிட் பைசெக்ட ஜிசிசி சோர்ஸ்ல போடுங்க, ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்து தடவ ஜிசிசிய பில்ட் பண்ணா போதும். அப்புறம் ஜிசிசியோட பக் ரிப்போர்ட் தளமான பக்ஸில்லால வெர்ஷன், முழு கமாண்ட், சுருக்கின ஃபைல் மூணையும் போட்டுடுங்க.