மீட்டர் ரீடிங் எழுதும் பையனுக்கு எதற்கு கம்ப்யூட்டர் சீட்?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதறாதீர்கள், இன்னும் நேரம் இருக்கிறது. ஆறுதல் இத்தோடு போதும், இனி சொல்வது கசக்கும்.

கோடிங் பிடிக்கவில்லை என்று பையன் மூன்று முறை சொன்னதை நீங்களே எழுதிவிட்டு, பெரியப்பா சொல்கிறார் என்பதற்காக வீட்டை அடமானம் வைத்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். 'போகப் போகப் பிடிக்கும்' என்ற நம்பிக்கையில் கடன் வாங்கினால், அவனுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வட்டி ஓடும்.

நீங்கள் குறையாக எழுதிய விஷயம்தான் என் கண்ணில் பட்டது. பரீட்சை லீவில் தினமும் தூங்கும் முன்னும் விடிந்ததும் மீட்டர் ரீடிங்கை நோட்டில் குறித்தான், ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தான் என்கிறீர்களே, அதே வேலையைப் பெரிய கட்டடங்களில் எனர்ஜி ஆடிட்டர், அதாவது ஆற்றல் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பவர், சம்பளத்துக்குச் செய்கிறார். உலகம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 30 சதவீதம் வீடு, அலுவலகம், கடை, ஆஸ்பத்திரி என்று கட்டடங்களுக்குள்தான் போகிறது.

ஆடிட்டர் முதலில் பார்ப்பது ராத்திரி லோடை, அதாவது இரவில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை. ஆளே இல்லாத அலுவலகத்தில் இரவு இரண்டு மணிக்குப் பகல் லோடில் பாதி ஓடினால், எது ஓடுகிறது என்று கிளாம்ப் மீட்டரோடு (ஒயரை வெட்டாமல் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஒவ்வொரு சுவிட்ச் போர்டாகத் தேட வேண்டும். பல நேரம் அது யாரோ எப்போதோ மாற்றிவைத்துவிட்டு மறந்த டைமராக இருக்கும். அப்புறம் ஏசி. குளிர்ந்த காற்றைத் தள்ளும் பெரிய ஃபேன் முழு வேகத்தில் ஓட, காற்று அதிகம் என்று குழாயில் காற்றைத் தடுக்கும் டாம்பர் என்ற கதவைப் பாதி மூடி வைத்திருப்பார்கள். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி என்ற கருவியைப் போட்டு வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் 80 சதவீதமாக அல்ல, கிட்டத்தட்ட பாதியாகக் குறையும், ஏனென்றால் ஃபேனின் மின்தேவை வேகத்தின் கனத்துக்கு ஏற்ப மாறும், 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் சுமார் 0.51. இந்த ஒரு கணக்கை உங்கள் பையனிடம் சொல்லிப் பாருங்கள், முகத்தைக் கவனியுங்கள்.

சோலார் அதற்கும் பிறகுதான். அலுவலகத்தின் தேவை பகலில் என்பதால் சோலார் நன்றாகப் பொருந்தும், ஆனால் வீணாவதை நிறுத்தாமல் பேனல் போட்டால், வீணாவதற்கும் சேர்த்துப் பேனல் வாங்கிய கதைதான். மாடியையும் பார்க்க வேண்டும். பேனல் 25 வருடம் உழைக்கும், கூரையின் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு ஐந்து வருடத்தில் போகுமென்றால் அத்தனையையும் கழற்றி மாட்ட வேண்டிவரும். தண்ணீர்த்தொட்டியின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே அதோடு தொடராக இணைத்த மற்றவற்றின் உற்பத்தியும் அடிபடலாம்.

இதற்கு எலக்ட்ரிக்கல் அல்லது மெக்கானிக்கல் போதும், டிப்ளமாவில் தொடங்கினாலும் தப்பில்லை. வேலையில் சேர்ந்து சில வருடம் கழித்து ஆடிட்டர் சான்றிதழ் தேர்வு எழுதலாம். ஐஎஸ்ஓ 50001 என்ற ஆற்றல் மேலாண்மைத் தரம் 2011-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்டது, அதைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. கொஞ்சம் புரோகிராமிங்கும் தேவைப்படும், அளவுகளைத் தானாகப் பதிவுசெய்யும் டேட்டா லாகர் கொட்டும் எண்களைப் பிரிக்க. தேவைக்காகக் கற்றுக்கொள்ளும்போது அவனுக்கு அது வெறுக்காது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மெஷின் ரூம் சூடும் இரைச்சலுமாக இருக்கும், இரவு வேலை வரும், முதல் சம்பளம் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. மெஷின் வாங்கக் காசு கொடுப்பது கட்டட உரிமையாளர், பில் குறைந்தால் லாபம் வாடகைக்கு இருப்பவருக்கு. இந்த இழுபறியில் நல்ல ரிப்போர்ட் கூட அலமாரியிலேயே கிடக்கும், அதனால் பேசிப் புரியவைக்கவும் அவன் பழக வேண்டும்.

அடமானப் பத்திரத்தில் இந்த வாரம் கையெழுத்துப் போடாதீர்கள். என்னைப் பார்க்க வரும்போது அந்த நோட்டை அவனை எடுத்துவரச் சொல்லுங்கள். ராத்திரியில் உங்கள் வீட்டில் எது மின்சாரம் இழுத்தது, அவன் கண்டுபிடித்தானா என்று அவன் வாயால் நான் கேட்க வேண்டும். பெரியப்பாவை அழைத்துவர வேண்டாம்.