முப்பது வருடம் கழித்து மலைக்குத் திரும்புகிறவர் முதலில் பழக வேண்டியது இறக்கம்

வாசகர் கேள்வி: எனக்கு வயது 48. சொந்த ஊர் போடி. பதினெட்டு வயதில் படிக்கச் சென்னைக்குப் போனவன், அங்கேயே வேலை, குடும்பம் என்று முப்பது வருடம் ஓடிவிட்டது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள போன வருடம் ஊருக்கே திரும்பிவிட்டேன். சின்ன வயதில் தாத்தாவோடு மலைப்பாதையில் ஏலத்தோட்டத்துக்கு நடந்தே போய்வருவேன், காலில் செருப்புகூட இருக்காது. அந்த நினைப்பில் போன மாதம் சித்தப்பா மகனோடு அவன் வேலை பார்க்கும் தோட்டத்துக்கு நடந்து போனேன். மூன்று மணி நேரம் ஏறியதில் மூச்சு வாங்கியதே தவிர வேறு தொந்தரவு இல்லை. இறங்கும்போது பாதி வழியில் கால் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது, முட்டியிலும் வலி. அடுத்த நான்கு நாள் வீட்டு மாடிப்படி இறங்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இனி மலை நடை எனக்கு ஆகாதா? ஆகும் என்றால் எங்கிருந்து தொடங்க? ஒரு நாளாவது பக்கத்தில் இருக்கும் குரங்கணியிலிருந்து, மூணாறு பக்கம் மலை உச்சியில் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை நடக்க வேண்டும் என்று ஆசை.

பதில்:

ஆகும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களை மாதிரி ஊர் திரும்பியவர்கள் பலர் முதல் தடவை இப்படிக் கால் பிடித்துக்கொண்டதும் 'வயசாயிடுச்சு' என்று முடிவு கட்டி, பிறகு மலையை மொட்டைமாடியில் நின்று பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் முட்டி கெட்டுப்போகவில்லை, உங்கள் தொடை இறக்கத்தை மறந்துபோயிருக்கிறது.

ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது, அது மூச்சுக்கும் இதயத்துக்கும்தான் பெரிய வேலை. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே, ஒவ்வொரு அடியிலும் உங்கள் மொத்த எடையையும் பிரேக் பிடித்து நிறுத்த வேண்டும். இப்படி நீளும்போதே பாரம் தாங்குகிற வேலைதான் தசை இழைகளில் நுண்ணிய காயங்களை உண்டாக்குகிறது. அதனால்தான் வலி அன்றைக்கே முழுதாகத் தெரியாமல் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகிறது. தொடை களைத்துவிட்டால் பிரேக் பிடிக்க ஆள் இல்லை, அந்த அதிர்ச்சி நேராக முட்டிச் சில்லுக்குப் பின்னால் போய் விழுகிறது. பாதி வழியில் கால் ஆடியதும் முட்டி வலித்ததும் ஒரே கதைதான். சென்னையில் நீங்கள் தினமும் ஒரு மணி நேரம் நடந்திருந்தால்கூட இது நடந்திருக்கும், சமதரையில் நடப்பது இந்தப் பிரேக் வேலையைப் பழக்குவதே இல்லை. மூச்சு தாங்கியதே என்று நம்பி மேலும் மேலும் ஏறியதுதான் நீங்கள் செய்த ஒரே தப்பு, ஏறிய உயரம் முழுவதையும் இறங்கியாக வேண்டும் அல்லவா.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தத் தசை ரொம்பச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒரு தடவை கொஞ்சமாக இறங்கி லேசாக வலி கண்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் முன்பு போல வலிப்பதில்லை. ஆனால் தசையை எலும்போடு கட்டும் நாண்களும் மூட்டைச் சுற்றிய தசைநார்களும் அவ்வளவு வேகமாகத் தேறாது, அவற்றுக்கு வாரங்கள் அல்ல, மாதங்கள் வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். தொடை வலி போய்விட்டது, மூச்சும் பிடிபட்டுவிட்டது என்று இரண்டாம் மாதமே தூரத்தைக் கூட்டுவார்கள், அப்போது குதிகால் நாணோ முட்டிக்குக் கீழே இருக்கும் நாணோ பிடித்துக்கொள்ளும், அது ஆற ஆறு மாதம் ஆகும். எனக்கே அப்படி ஒரு வருடம் போனது. ஊர் திரும்பிய முதல் டிசம்பரில், பழைய இடமெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பில் வாரம் தவறாமல் ஏறினேன், மார்ச்சில் இடது குதிகாலை ஊன்ற முடியவில்லை. அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் திடீரென்று நழுவினாலோ, வலி இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ மட்டும் எலும்பு மருத்துவரிடம் மறுபடி போங்கள். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், ஜவ்வைக் காட்டாது.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் ஊரிலேயே பரமசிவன் கோயில் மலை இருக்கிறது. காட்டு அனுமதி வேண்டாம், ஆள் நடமாட்டம் உண்டு, நடுவில் திரும்பி வரலாம். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, காலை வெயில் ஏறும் முன் போங்கள். முதல் இரண்டு வாரம் பாதி உயரம் வரை மட்டும் ஏறி, ஏறிய வேகத்தில் பாதி வேகத்தில் இறங்குங்கள். மறுநாள் தொடையில் லேசான பிடிப்பு இருந்தால் அளவு சரி. படியில் கைப்பிடிச் சுவரைத் தேடினால் அளவு கூடிவிட்டது, அடுத்த தடவை குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு முழு உயரம், பிறகு இரண்டு முறை ஏறி இறங்குவது, அதற்கும் பிறகு முதுகுப் பையில் மூன்று நான்கு கிலோ. ஏறும்போது பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அந்த வேகத்தைத் தாண்டாதீர்கள். பத்து, பன்னிரண்டு வாரம் இப்படிப் போனால் போதும்.

வீட்டில் ஒரே ஒரு பயிற்சி செய்தால் போதும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: மாடிப்படியின் கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நின்று, சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, மற்ற காலின் குதிகால் தரையை மெல்லத் தொடும் வரை மூன்று நான்கு எண்ணிக்கைக்குள் உடம்பை இறக்குங்கள், அப்புறம் மேலே வாருங்கள். ஒவ்வொரு காலுக்கும் எட்டு முதல் பத்து தடவை. முட்டி உள்பக்கமாகச் சாயாமல் இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். பார்க்க ஒன்றும் இல்லாதது மாதிரி இருக்கும், ஆனால் மலை இறக்கத்தில் உங்கள் தொடை செய்யும் வேலை அப்படியே இதுதான்.

இறங்கும் முறையையும் மாற்ற வேண்டியிருக்கும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை நீட்டி விறைப்பாக ஊன்றுவோம், அதுதான் வழுக்கும், முட்டியிலும் இடிக்கும். அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டி எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும், செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக வாருங்கள். தலையில் மூட்டையோடு இறங்கும் தோட்டத்து ஆட்களின் காலை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள், சத்தமே வராது. உங்கள் தாத்தாவும் அப்படித்தான் இறங்கியிருப்பார், நீங்களும் பத்து வயதில் அப்படித்தான் இறங்கியிருப்பீர்கள். கையில் ஒரு கம்பு, முடிந்தால் இரண்டு, இருந்தால் முட்டியின் பாரம் தோளுக்கும் கொஞ்சம் போகும். கடையில் விற்கும் மடக்குக் கம்புதான் வேண்டும் என்றில்லை, நெஞ்சு உயரத்துக்கு ஒரு மூங்கில் போதும்.

ஷூ வாங்கும்போது மாலையில் போய் வாங்குங்கள், அப்போது பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். அடிப்பாகத்தின் பிடிமானம் முக்கியம், கணுக்கால் உயரம் அவ்வளவு முக்கியமில்லை. வெறுங்காலில் போன நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். சுகர் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம், முள் தைத்ததே தெரியாமல் போகலாம். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் விரல் இடுக்கு முதல் உள்ளங்கால் வரை வெளிச்சத்தில் பாருங்கள்.

சுகர் மாத்திரை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எந்த மாத்திரை என்பது இங்கே முக்கியம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடையில் சர்க்கரை அபாயமாகக் குறைவது அரிது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் நீண்ட ஏற்றத்தில் சட்டென்று குறையலாம், படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வரும், அதை ஏற்றத்தின் களைப்பு என்று நினைத்து விட்டுவிடுவது எளிது. மருத்துவரிடம் நடக்கும் நாளின் அளவைக் கேட்டு வையுங்கள், சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும், பைக்குள் அடியில் அல்ல. 48 வயது, சுகர், முப்பது வருடம் நாற்காலி வேலை, இது மூன்றும் சேர்ந்திருப்பதால் ரத்த அழுத்தமும் இதயமும் ஒரு தடவை பார்த்துவிட்டே ஏற்றத்தைக் கூட்டுங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் அதோடு நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட ஒரு பழைய வழி உண்டு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டே கால் மணி நேரத்துக்குள் வரும். அது குளிர் நாட்டில் நன்றாகப் பழகியவரின் கணக்கு. நம் வெயிலுக்கும் உங்கள் இப்போதைய காலுக்கும் அதோடு பாதியைக் கூட்டுங்கள், இறங்குவதற்கும் ஏறிய நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.

இனி குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று அங்கே காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். போதைப்புல் என்கிற மலைப்புல் காய்ந்து கிடக்கும் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும், மனிதன் அந்த வேகத்தில் ஏற முடியாது. அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 'தாத்தா காலத்தில் யாரிடமும் கேட்காமல் போனோமே' என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது, ஆனால் ரிசர்வ் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், அதைவிட, உள்ளே நீங்கள் இருப்பது யாருக்கும் தெரியாமல் போவது பெரிய ஆபத்து. வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை இணையப் பதிவோடும் பழகிய வழிகாட்டிகளோடும் தொடங்கியது. அதில் குரங்கணி – சாம்பலாறு பாதையும் உண்டு, உங்கள் முதல் காட்டு நடைக்கு அதையே சொல்வேன். மற்ற பாதைகளில் எது திறந்திருக்கிறது என்பதைப் போடி ரேஞ்ச் ஆபீஸில் நேரில் கேட்டுவிட்டு நாள் குறியுங்கள்.

உங்கள் நினைவில் இருக்கும் ஒத்தையடிப் பாதை இப்போது இருக்கும் என்று நம்பாதீர்கள். ஜீப் ரோடு வந்த பிறகு பல பாதைகளில் ஆள் நடப்பது நின்று, உண்ணிச்செடி மூடிவிட்டது. மூடிய புதருக்குப் பின்னால் காட்டுமாடு நின்றால் பத்தடி தூரத்தில்தான் தெரியும். அதனால் அந்தச் சித்தப்பா மகனை விட்டுவிடாதீர்கள், இன்றைக்கும் நடக்கிறவர் சொல்லும் வழிதான் வழி.

காலம் என்று பார்த்தால் நம் பக்கத்துக்கு டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் அருமை. ஐப்பசி, கார்த்திகையில் மேலே பெய்யும் மழை கீழே உங்களுக்குத் தெரியாது, ஓடை நிமிடங்களில் பெருகும். ஆனியிலிருந்து ஆவணி வரை காற்றும் சாரலும், மேலே சோலைப் பக்கம் அட்டை. மாசி, பங்குனி தீ பயம், அப்போது எப்படியும் மூடிவிடுவார்கள்.

டாப் ஸ்டேஷன் ஆசையை விட வேண்டாம். மூணாறுத் தேயிலை அங்கே வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகப் போன காலம் ஒன்று இருந்தது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. குரங்கணியிலிருந்து அங்கே ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏற்றம். இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது: உச்சிக்கு வண்டிப் பாதை உண்டு. அனுமதி கிடைக்கும் பருவத்தில், வழிகாட்டியோடு, ஏறுவதை மட்டும் நடந்துவிட்டு, மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு வழியாக வண்டியில் வீடு திரும்புங்கள். உங்களுக்குத் தொந்தரவே இறக்கம்தான், முதல் தடவை அதைத் தள்ளிவைப்பதில் குறைவொன்றும் இல்லை. அடுத்த வருடம் அதே பாதையில் இறங்கிப் பார்க்கலாம். போடியைவிட அங்கே பத்து டிகிரி வரை குளிர் கூடுதலாக இருக்கும், வியர்த்த பருத்திச் சட்டையோடு உட்கார்ந்தால் உடம்பு உதறும், மாற்றுச் சட்டையும் ஒரு ஸ்வெட்டரும் கொண்டுபோங்கள்.

கிளம்பும் முன் எந்த வழி, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மேலே பல இடங்களில் சிக்னல் இருக்காது. அம்மாவிடம் நேரம் சொல்லும்போது ஒரு மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள், அவர் வாசலில் வந்து நின்று தவிக்க வேண்டாம்.