இறந்த சிவப்பணுக்களின் இரும்பு எங்கே போகிறது?

சிவப்பணு நான்கு மாதத்தில் அழிந்துவிடும் என்றால் அதிலுள்ள இரும்பு சிறுநீரோடு கழிந்துவிடுமா, அதை ஈடுகட்டத்தான் தினமும் இரும்புச்சத்து உண்ணச் சொல்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிக் கழிவதில்லை. மிகுதியான இரும்பை வெளியேற்றுவதற்கென்று ஒரு வழியே நம் உடலில் கிடையாது. தோலும் குடலின் உட்பரப்பும் உதிர்வதில் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் போகிறது. உணவிலிருந்து உடல் எடுத்துக்கொள்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான். (இரத்தப்போக்கு வேறு கணக்கு: 1 மில்லிலிட்டர் இரத்தம் போனால் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போகும்.) ஆனால் புதிய அணுக்களை உருவாக்க எலும்பு மஜ்ஜைக்கு நாள்தோறும் 20 மில்லிகிராமுக்கு மேல் தேவை. அதில் பெரும்பகுதியைத் தருபவை முதிர்ந்த சிவப்பணுக்களே.

சிவப்பணுவுக்கு உட்கரு இல்லாததால் தேய்ந்த புரதங்களைப் புதுப்பித்துக்கொள்ள அதனால் இயலாது. சுமார் 120 நாட்களில் அதன் சவ்வு விறைத்துவிடுகிறது. மண்ணீரலில் 7, 8 மைக்ரான் அகலமுள்ள இந்த அணு, 1 மைக்ரான்கூட இல்லாத பிளவுகளின் வழியே நெளிந்து வெளியேற வேண்டும். இளம் அணு வளைந்து நழுவிவிடும்; விறைத்தது சிக்கிக்கொள்ள, பக்கத்திலேயே இருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கணு அதை விழுங்கிவிடும். கல்லீரலிலும் இவ்வேலை நடக்கிறது.

சிவப்பணுவை நிறைத்திருப்பது ஹீமோகுளோபின்; குளோபின் என்னும் புரதமும், இரும்பைத் தாங்கிய ஹீம் என்னும் வளையமும் சேர்ந்தது அது. விழுங்கணுவுக்குள் குளோபின் அமினோ அமிலங்களாகச் சிதைகிறது. ஹீம் வளையம் அறுபட்டு இரும்பும், சிறிதளவு கார்பன் மோனாக்சைடும் (ஆம், அதே நச்சு வாயுதான்), பச்சை நிறப் பிலிவெர்டினும் பிரிகின்றன. பிலிவெர்டின் பிறகு மஞ்சள் நிறப் பிலிருபினாக மாறிப் பித்தத்தில் சேர்கிறது. சென்ற மாதம் கட்டில் முனையில் காலை இடித்துக்கொண்டபோது கன்றிய இடம் முதலில் கருநீலமாகவும், சில நாட்களில் விளிம்பில் பச்சையாகவும், பின்னர் மஞ்சளாகவும் மாறியதைக் கவனித்தேன். மண்ணீரலில் மறைவாக நடப்பதுதான் அங்கே தோலுக்கடியில் நடந்தது.

விடுபட்ட இரும்பு ஃபெர்ரோபோர்ட்டின் என்னும் வாயில் வழியே இரத்தத்துக்குள் வந்து, டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில் ஏறி மஜ்ஜைக்குச் செல்கிறது. உடனடியாகத் தேவைப்படாதது ஃபெரிட்டின் என்னும் சேமிப்புப் புரதத்தில் வைக்கப்படுகிறது. அந்த வாயிலை அடைப்பது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன். தொற்றோ அழற்சியோ இருக்கும்போது ஹெப்சிடின் மிகுந்து, இரும்பு விழுங்கணுக்களுக்குள்ளேயே முடங்கிவிடுகிறது. நீண்டகால அழற்சி உள்ள சிலருக்கு ஃபெரிட்டின் குறையாதிருந்தும் ஹீமோகுளோபின் குறைந்திருப்பது இதனால்தான். குடலிலுள்ள வாயிலையும் ஹெப்சிடின் அடைத்துவிடுவதால் அவர்கள் விழுங்கும் இரும்பு மாத்திரையும் சரியாக உட்கிரகிக்கப்படுவதில்லை.