முப்பதாம் பக்கத்தில் மூடிவைப்பவர்களுக்கு

கேள்வி: அறிவியல் புனைகதை படிக்க ஆசை. எதை எடுத்தாலும் முப்பது பக்கத்தோடு நின்றுவிடுகிறது. எனக்கு ஒத்துவராதோ?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள், உங்கள் ரசனை அங்கேதான் பிடிபடும். புரியாத பெயர்களிலும் கருவிகளிலும் நின்றிருந்தால் கோளாறு ரசனையில் இல்லை. அவற்றை ஒரு துண்டுச்சீட்டில் குறித்துவிட்டு மேலே போங்கள். வேண்டியதை எழுத்தாளரே பிற்பாடு விளக்குவார். விளக்காமல் விட்டது பெரும்பாலும் வெறும் அலங்காரம்.

சோதித்துப் பார்க்க எச்.ஜி. வெல்ஸின் ‘டைம் மெஷின்’ (1895) போதும், சின்னப் புத்தகம். தொடக்கத்தில், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் நான்காவது பரிமாணம் பற்றிப் பேசுவார்கள், பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள். கழன்றுகொள்ளத் தோன்றும் இடம் அதுதான். கொஞ்சம் பொறுத்தால் சின்னக் கடிகாரம் அளவே உள்ள மாதிரி இயந்திரம் மேசைக்கு வரும். ஒருவர் விரலால் அதன் நெம்புகோலைத் தள்ளுவார். குப்பென்று காற்று, ஒரு மெழுகுவத்தி அணையும், இயந்திரம் இருந்த இடம் காலி! இதற்குப் பிறகும் ‘அப்புறம்?’ என்று கேட்கத் தோன்றவில்லையா, தயங்காமல் மூடிவிடுங்கள். தோன்றினால் 8,02,701-ஆம் ஆண்டு வரை போய்வரலாம்.

ஒருவேளை, ‘கருவிதான் இருக்கிறது, மனுஷரைக் காணோமே’ என்ற சலிப்பில் நின்றீர்களா? சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை எடுங்கள். குழந்தை பெற்றுக்கொள்ளக்கூட அரசாங்க அனுமதி வேண்டும். பெயர் இரண்டெழுத்தில்தான் இருக்க வேண்டும். அது எப்பேர்ப்பட்ட ஆட்சி என்பது இந்த விதிகளிலேயே விளங்கிவிடும். ஜீனோ என்கிற இயந்திர நாய் பேச ஆரம்பித்துவிட்டால் கீழே வைப்பது சிரமம்.

கேள்வி: ஒன்பது வயது மகள் ஆங்கிலக் கதைகளை மளமளவென்று படிக்கிறாள். தமிழ்ப் புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறாள்.
– வாசகி, ஓசூர்

பதில்: அவள் ஓடுவது கதையைக் கண்டு அல்ல, சொல்லின் நீளத்தைக் கண்டு. ‘எழுந்துபோய்க்கொண்டிருந்தவனைப்பார்த்து’ என்று சேர்த்து அச்சடித்திருந்தால், எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தலை மறந்துபோகும். போதாக்குறைக்கு, வீட்டில் கேட்பது ‘போறான்’, புத்தகத்தில் இருப்பது ‘போகிறான்’.

வாங்கும்முன் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால் அது அடுத்த வருஷத்துப் புத்தகம். எழுத்து பெரிதாக, பத்தி சிறிதாக, உரையாடல் நிறைய இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வர்ணனையை நீங்கள் படியுங்கள், பேச்சை அவள் படிக்கட்டும். பத்து நிமிடம் போதும். விறுவிறுப்பான இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.

காரியத்தைக் கெடுப்பவை இரண்டு. நடுவில் புகுந்து ழகர, ளகரத்தைத் திருத்துவது ஒன்று. முடிந்ததும் ‘இதனால் அறியும் நீதி என்ன?’ என்று கேட்பது இன்னொன்று; கேட்ட நிமிடமே கதை பாடமாகிவிடும். நீங்கள் சின்ன வயதில் விழுந்து விழுந்து படித்த அம்புலிமாமாவை அவள் தலையில் கட்டவும் வேண்டாம். ராஜகுமாரன் அலுத்து, வேதாளம் மட்டும் அவளுக்குப் பிடித்துப்போகலாம். அது அவள் பாடு.

நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்ட ‘டோட்டோ-சான்’ நல்ல ஆரம்பம். பழைய ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக்கிய டோக்கியோ பள்ளியின் கதை. அத்தியாயங்கள் சின்னச் சின்னதாக இருப்பதால் நாளுக்கு ஒன்று என்று போகலாம்.

கேள்வி: ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ என்றால் அவ்வளவு ஆழமா?
– மாணவர், காரைக்குடி

பதில்: ஆழம் அல்ல, கடலுக்குள் போன தூரம். ஜூல்ஸ் வெர்ன் கணக்கில் ஒரு லீக் 4 கி.மீ. ஆக மொத்தம் 80,000 கி.மீ., பூமியை இரண்டு சுற்று. கடலின் மிக ஆழமான இடமே சுமார் 11 கி.மீ.தான்.

கேள்வி: வயது 62. இன்னமும் சிறுவர் கதைகள்தான் பிடிக்கின்றன. பேரன் கேலி செய்கிறான்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: ‘குட்டி இளவரசன்’ (1943) சமர்ப்பணப் பக்கத்தை அவனுக்குக் காட்டுங்கள். புத்தகத்தைப் பெரியவர் ஒருவருக்குச் சமர்ப்பித்ததற்காகக் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்கிறார் எழுத்தாளர். கடைசியில், அந்த நண்பர் சிறுவனாக இருந்தபோது அவருக்கு என்று மாற்றியே எழுதிவிடுகிறார். வாங்கும்போது படங்கள் முழுதாக உள்ள பதிப்புதானா என்று புரட்டிப் பாருங்கள். தொப்பி போலத் தெரியும், யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படம் இல்லாவிட்டால் முதல் அத்தியாயமே விளங்காது.