மட் அமைவுக் கோப்பில் மறையும் பின்சாய்வுக் கோடு

மதிப்பிற்குரிய ஐயா,

கடல்.நெட் முகவரியிலிருந்து வரும் அஞ்சல்கள் மட்டும் தனி நிறத்தில் தெரிய வேண்டும் என்று, மட் மின்னஞ்சல் நிரலின் அமைவுக் கோப்பில் கலர் இண்டெக்ஸ் கட்டளையை "~எஃப் கடல்\.நெட்" என இரட்டை மேற்கோளுக்குள் எழுதினேன். ~எஃப் அனுப்புநரைக் குறிக்கும்; புள்ளிக்கு முன் உள்ள பின்சாய்வுக் கோடு, அதைப் புள்ளி என்ற எழுத்தாகவே கொள்ளச் சொல்லும். கடல்-நெட் முகவரியின் அஞ்சல்களும் நிறம் மாறுகின்றன. பின்சாய்வுக் கோட்டை இரண்டாக்கியும் பயனில்லை. ஓர் அஞ்சல்பெட்டியைத் திறக்கும்போது இயங்கும் ஃபோல்டர்-ஹூக் கட்டளையில் ^ குறியோடு தொடங்கும் ரெஜெக்ஸோ (எழுத்துத் தொடர்களைப் பொருத்திப் பார்க்கும் வடிவக் குறியீடு) பொருந்தவே மறுக்கிறது. ரெஜெக்ஸ் சோதனைக் கருவியில் இரண்டும் சரியாகவே உள்ளன. பிழை எங்கே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ரெஜெக்ஸில் பிழை இல்லை. ரெஜெக்ஸ் எஞ்சினிடம் போய்ச் சேர்வது நீங்கள் எழுதியது அல்ல என்பதே சிக்கல். அமைவுக் கோப்பைப் படிக்கும் பகுதி, இரட்டை மேற்கோளுக்குள் காணும் ஒரு பின்சாய்வுக் கோட்டைத் தன் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு, அடுத்த எழுத்தை மட்டும் கடத்துகிறது. அதன் பிறகு, ~எஃப் போன்ற பேட்டர்ன்களை, அதாவது அஞ்சல்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை, பிரிக்கும் பகுதி இன்னொரு அடுக்கை உரிக்கிறது. நீங்கள் இரண்டு கோடு போட்டபோது ஒவ்வொரு பகுதியும் ஒன்றை எடுத்துக்கொள்ள, எஞ்சியது வெறும் புள்ளி. அது எந்த எழுத்துக்கும் பொருந்தும் என்பதால்தான் இடைக்கோடும் உள்ளே வந்துவிட்டது. இரட்டை மேற்கோளில் நான்கு கோடுகள் வேண்டும். ஒற்றை மேற்கோளுக்குள் முதல் பகுதி எதையும் தொடாது. ஆகவே அங்கே இரண்டு போதும். ஆனால் இந்தக் கணக்கை நினைவில் சுமக்கத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. கடல்[.]நெட் என்று சதுர அடைப்புக்குள் புள்ளியை வைத்தால், எத்தனை அடுக்குகளைக் கடந்தாலும் அது புள்ளியாகவே நிற்கும்.

எந்த அடுக்கில் கோடு மறைகிறது என்று அறிய, அஞ்சல் பட்டியலில், பொருந்தும் அஞ்சல்களை மட்டும் காட்டும் எல் விசையை அழுத்தி, அதே பேட்டர்னை மேற்கோள் இல்லாமல், இரண்டு கோடுகளுடன் தட்டச்சிடுங்கள். இது அமைவுக் கோப்பின் வழியே செல்வதில்லை. இங்கே சரியான அஞ்சல்கள் மட்டும் வந்து, கோப்பில் எழுதும்போது தவறினால், குற்றவாளி மேற்கோள்தான்.

ஃபோல்டர்-ஹூக் வேறு வகை. அங்கே ரெஜெக்ஸின் முதல் எழுத்தை மட் முதலில் அஞ்சல்பெட்டிச் சுருக்கக் குறியாகப் பார்க்கிறது. ^ என்றால் "இப்போது திறந்திருக்கும் பெட்டி" என்று விரித்துவிடுகிறது. முழு ரெஜெக்ஸையும் வளைந்த அடைப்புக்குள் இட்டு (^...) என எழுதினால், முதல் எழுத்து அடைப்பாகிவிடும், ^ வரியின் தொடக்கம் என்ற தன் பொருளுக்குத் திரும்பும். பொருந்தும் ஃபோல்டர்-ஹூக்குகள் அனைத்தும் எழுதிய வரிசையில் இயங்குவதால், எல்லாப் பெட்டிக்குமான பொது விதியை மேலே வையுங்கள்.

உங்கள் சோதனைக் கருவி பெர்ல் நிரல்மொழியின் பாணியில் இயங்கக்கூடும்; மட் பின்பற்றுவது போசிக்ஸ் தரத்தின் விரிவு வடிவம். அங்கு இலக்கத்தைக் குறித்துப் பொருந்திய \டி இங்கு பொருந்தாது. இலக்கங்களுக்கு [0-9] என்றே எழுதுங்கள்.